கற்பித்தல், வழக்கு, ஆய்வு: மட்டக்களப்பில் இருந்து மூன்றையும் பிடிக்க எந்த வழி?

சட்டமாணி முடித்து, சட்டக்கல்லூரி இறுதிப் பரீட்சையும் எழுதிவிட்டு, ஒரு சீனியரிடம் ஆறு மாதப் பயிற்சியில் நிற்கும் பிள்ளைகளில் சிலர் இந்தக் கேள்வியோடு வருவார்கள். படிப்பிக்கவும் வேண்டும், மன்றில் எழும்பி வாதிடவும் வேண்டும், தன் பெயரில் நாலு நல்ல ஆய்வுக் கட்டுரையும் வர வேண்டும். ஒன்றைப் பிடி, மற்றதை விடு என்பது பெரியவர்களின் வழக்கமான பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்த வழியால் போனால் மூன்றில் எது முதலில் சாகும் என்று பார்த்து முடிவெடுப்பதுதான் சரி. பெரும்பாலும் முதலில் சாவது எழுத்துத்தான். வழக்குக்குத் தவணை இருக்கிறது, வகுப்புக்கு நேரசூசி இருக்கிறது, கட்டுரைக்கு யாரும் நாள் குறிப்பதில்லை.

மூன்றையும் செய்துகாட்டியவர்கள் நம் நாட்டில் இருந்திருக்கிறார்கள். சி. ஜி. வீரமந்திரி 1948 இல் அத்துவக்காத்தாக (மன்றில் வாதிடும் வழக்கறிஞராக) சேர்ந்து வழக்குப் பேசினார், சட்டம் கற்பித்தார், ஒப்பந்தச் சட்டம் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். 1967 இல் உயர் நீதிமன்ற நீதியரசர், பிறகு மொனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர், அப்புறம் சர்வதேச நீதிமன்றம். ஆர். கே. டபிள்யூ. குணசேகர சட்டக்கல்லூரி அதிபராக இருந்தவர். அடிப்படை உரிமை வழக்குகளில் மன்றில் நின்றவர். அந்த உரிமைகள் பற்றிய வழக்குத் தொகுப்பும் அவருடையது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை பற்றி எச். டபிள்யூ. தம்பையா 1950களில் எழுதியதை இன்றைக்கும் மன்றில் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இவர்களுடைய நூலகமும் மேல்மன்றமும் (மேன்முறையீட்டு, உயர் நீதிமன்றங்கள்) சட்டக்கல்லூரியும் கொழும்பிலேயே, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சீக்கிரம் போய்வரும் தூரத்தில் இருந்தன. நமக்கு அந்த வசதி இல்லை. அதனால் இங்கிருந்து போகக்கூடிய வழிகளைத் தனியாகத்தான் அலச வேண்டும்.

பல்கலைக்கழக நிரந்தரப் பதவி

சட்டமாணிப் பட்டத்துக்கு நம் பிள்ளைகள் போகும் இடங்கள் கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை. திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நாவலயில். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், அங்கே வணிக, முகாமைத்துவப் பட்டங்களுக்குள் வணிகச் சட்டம் ஒரு பாடமாகக் கிடைக்கும். அதை மட்டும் வைத்து ஒரு சட்ட ஆய்வாளராக வளர்வது கஷ்டம். ஆக, நிரந்தர விரிவுரையாளர் என்றால் பெரும்பாலும் ஊரை விட்டுப் போக வேண்டும்.

போனால் கிடைப்பது குறைவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம், நல்ல நூலகம், முதுமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் படிப்பு விடுமுறை, ஏழு ஆண்டு சேவைக்குப் பிறகு ஆய்வு விடுமுறை. தகுதிகாண் விரிவுரையாளரில் தொடங்கிப் பேராசிரியர் வரை ஏறுவதற்கு எழுதித்தான் ஆக வேண்டும் என்பதால், எழுத்தை அந்தப் பதவியே பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மூன்றில் ஆய்வு உயிரோடு இருக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே வழி இது.

சாவது வழக்கு. முழுநேரப் பதவியில் இருப்பவர் வெளிவேலைக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பது ஒருபக்கம். அனுமதி கிடைத்தாலும் காலை ஒன்பதரைக்கு மன்று கூடும் நேரத்தில்தான் வகுப்பும் இருக்கும். தவணையை நீதிபதி போடுகிறார், நேரசூசியைத் துறைத் தலைவர் போடுகிறார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் கேட்பதில்லை. கட்சிக்காரரோ ஒவ்வொரு தவணைக்கும் அதே முகத்தைத்தான் தேடுவார்; “அவர் இண்டைக்கு விரிவுரையில்” என்று ஜூனியரை அனுப்பினால் அடுத்த முறை வேறு வாசலுக்குப் போய்விடுவார். பதவி உயர்வுக் கணக்கில் ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் புள்ளி, வென்ற வழக்குக்குக் கிடைக்காது என்பதும் இருக்கிறது.

இந்தியாவில் இதை விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. வழக்கறிஞர் ஒருவர் ஒரு நாளைக்கு மூன்று மணிநேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். கொஞ்சம் கடுமையான விதிதான். ஆனால் எது முதன்மை, எது பக்கவேலை என்பதில் அங்கே குழப்பமில்லை.

ஊர் மன்று, வார இறுதி வகுப்பு

இரண்டாவது வழி, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ முழுநேரச் சட்டத்தரணியாக இருந்துகொண்டு பகுதிநேரமாகக் கற்பிப்பது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் வணிகச் சட்டம் எடுக்க ஆள் தேடுவார்கள். சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கான தனியார் வகுப்புகளும் உண்டு. மணித்தியாலக் கொடுப்பனவு பெரிதில்லை, அதுவும் ஆறுதலாகத்தான் கைக்கு வரும். பணத்துக்காக இதைச் செய்ய நினைப்பவர் நொத்தாரிசு வேலையைப் பார்ப்பது நல்லது; இளம் சட்டத்தரணியின் அடுப்பை எரியவைப்பது காணி உறுதி எழுதும் வேலைதான், வாதம் இல்லை.

பொழுதைத் தின்பது பயணம். மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி ஒரு பக்கம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் இன்னொரு பக்கம். அம்பாறை நகரத்து மன்றுக்குப் போக வேண்டுமென்றால் சிங்களமும் கையில் இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று ஊருக்கு ஓடுகிறவர் இரவில் கட்டுரை எழுதுவார் என்று நம்புவது அதிகம்.

அப்படியிருந்தும் நான் இந்த வழியின் பக்கம் சாய்வதற்குக் காரணம், இங்கே கிடைக்கும் விஷயம். ஆய்வாளர் தேடிப் போக வேண்டியது இங்கே தானாகக் கோப்புக்குள் வந்து விழுகிறது.

ஒன்றைச் சொல்கிறேன். அரச காணியில் நெடுங்காலமாக இருக்கும் ஒருவருக்கு, 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணிகள் ஆட்சி மீளப்பெறும் சட்டத்தின் கீழ் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வருகிறது. அவர் எழும்பாவிட்டால் அதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்குப் போவார். அங்கே நம் ஆள் காட்டக்கூடியது ஒன்றேயொன்று: அரசு எழுத்தில் தந்த, செல்லுபடியாகும் அனுமதி. அது இல்லையென்றால் நீதவானுக்கு வேறு எதையும் விசாரிக்க இடமில்லை. எத்தனை தென்னை வைத்தாய், எத்தனை பிள்ளை இங்கே பிறந்தது என்பதெல்லாம் கணக்கில் வராது. சரி, அறிவித்தலே பிழை என்று எழுத்தாணை, அதாவது அதிகாரியின் முடிவை ரத்துச் செய்யும் மன்றுக் கட்டளை, கேட்கலாம்தானே? கேட்கலாம், எங்கே என்பதுதான் கேள்வி. மாகாணங்களுக்கு அதிகாரம் பகிர்ந்த அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை அதிகாரம் கொடுத்தது. காணி மாகாணப் பட்டியலில் இருப்பதால் அங்கேயே கேட்கலாம் என்று பலர் வாதிட்டார்கள். 2013 செப்டெம்பரில் சோலைமுத்து ராசு வழக்கில் உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. அரச காணி மத்தியிடமே இருக்கிறது, மத்தி ஒதுக்கிக் கொடுத்த காணி தொடர்பில்தான் மாகாணத்துக்கு அதிகாரம், ஆகவே இந்த அறிவித்தலுக்கு எதிரான எழுத்தாணை மாகாண மேல் நீதிமன்றத்தின் வேலை இல்லை என்பது தீர்ப்பு. இனி மேன்முறையீட்டு நீதிமன்றம், அதாவது கொழும்பு. “சேர், கொழும்புக்குப் போய்வர என்னால ஏலா” என்பார் கட்சிக்காரர்.

இந்த ஒரு கோப்பில் மூன்று தொழிலும் இருக்கிறது. நீதவான் முன்னால் வாதிட வேண்டும். அதிகாரப் பகிர்வு பாடத்தில் மாணவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. காணி என்று பட்டியலில் எழுதிவிட்டுப் பின்னிணைப்பில் அதைச் சுருக்கியதன் விளைவு கிழக்கில் என்ன என்று எழுத வேண்டியதும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கொழும்பில் நிறைய எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நீதவான் மன்றில் ஆள் எப்படி வெளியே போகிறார் என்பதை மன்றில் நிற்கிறவர்தான் எழுத முடியும்.

இன்னொன்று முக்குவர் சட்டம், மட்டக்களப்புத் தமிழரின் பழைய வழக்காற்று வாரிசுச் சட்டம். பிரிட்டோ என்பவர் அதைப் பற்றி 1876 இல் எழுதினார். அதே 1876 இல் வந்த 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு மட்டக்களப்புத் தமிழரின் வாரிசுரிமை பொதுச் சட்டத்துக்குள் போய்விட்டது. யாழ்ப்பாணத்தாருக்குத் தேசவழமை மிஞ்சியது, நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று பாடத்தில் சொல்லி முடித்துவிடுவார்கள். ஆனால் வீடு மகளுக்கு என்ற வழக்கம் எங்கே போனது? அது சீதன உறுதியாகவும் நன்கொடை உறுதியாகவும் நொத்தாரிசின் மேசைக்கு வந்துகொண்டேயிருக்கிறது. நம் கரையோர முஸ்லிம் குடும்பங்களிலும் அப்படித்தான்: வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குப் பங்கு கூட, ஆனால் தகப்பன் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகள் பெயருக்கு எழுதிவிடுகிறார். அக்கரைப்பற்றின் குடி (தாய்வழிக் குல) முறையைப் பற்றி விரிவாக எழுதியவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். சட்டக் கண்ணோடு, உறுதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டிய பங்கு நம்மவருடையது. இது ஒரு கலாநிதி ஆய்வுக்குக் காணும்.

கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகளில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்த வாரிசு வரிசை 2022 இல் திருத்தப்பட்டது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரை போரால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலத்தை (நெடுங்காலம் இருந்ததை வைத்து இன்னொருவர் அந்தக் காணிக்கு உரிமை கோரும் காலத்தை) கணக்கிடாமல் விட 2016 இல் ஒரு சட்டம் வந்தது. இரண்டும் நடைமுறையில் என்ன செய்தன என்பதற்கான பதில் கோப்புகளில் இருக்கிறது, நூலகத்தில் இல்லை.

புதுக்கடை

மூன்றாவது வழி, மேல்மன்றங்கள் இருக்கும் புதுக்கடையை நம்பிக் கொழும்பிலேயே தங்கி ஒரு பெரிய சீனியரின் சேம்பரில் ஜூனியராக இருப்பது. மேல்மன்ற வழக்கு வேண்டுமென்றால் இதற்கு ஈடில்லை. அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். சட்டக்கல்லூரியில் விரிவுரை எடுப்பவர்களில் பலர் தொழில் செய்யும் சட்டத்தரணிகளே என்பதால், வழக்கையும் வகுப்பையும் சேர்த்துப் பிடிக்க அங்கே ஏற்கெனவே ஒரு பாதை உண்டு. ஆனால் முதல் சில ஆண்டுகள் கையில் காசு நிற்காது, அறை வாடகை நிற்கும். மட்டக்களப்புக் கட்சிக்காரரை 300 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து வைத்துக்கொள்ளவும் முடியாது; இரவு ரயிலில் ஏறி வந்து ஒரு தவணையைப் பார்த்துவிட்டு அடுத்த இரவே திரும்புகிற வாழ்க்கையை நீண்ட காலம் தாங்கியவர்கள் குறைவு.

சட்டமா அதிபர் திணைக்களமும் நீதிச்சேவையும் மரியாதையான தொழில்கள். ஆனால் நீதவானாகிவிட்டால் மன்று விவகாரங்களைப் பற்றி மனம் திறந்து எழுத முடியாது. அதனால் இந்த அலசலுக்குள் அவை வரவில்லை. அரசியல் இன்னொரு வாசல்: கே. டபிள்யூ. தேவநாயகமும் எம். எச். எம். அஷ்ரப்பும் சட்டத்தரணிகளாக இருந்தே அமைச்சர்களானவர்கள். அந்த வாசலால் போனவர் யாரும் கட்டுரை எழுதத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

யாருக்கு எது

வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம், சர்வதேசச் சட்டம், அரசியலமைப்புக் கோட்பாடு என்று மனம் போகிறவர் தயங்காமல் பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். மன்றை மறந்துவிடலாம், அல்லது ஆண்டுக்கு ஒன்றிரண்டு பொதுநல வழக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். குடும்பத்தில் உடனே சம்பளம் வேண்டுமென்றாலும் அதுவே பாதுகாப்பு.

காணி, குடும்பம், கோயில் நம்பிக்கைப் பொறுப்பு, முஸ்லிம் திருமண வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றம் போன்றவை உங்கள் விஷயமென்றால் ஊரில் இருங்கள். ஆனால் ஒரு நிபந்தனையோடு: முதல் ஐந்தாறு ஆண்டுகள் மன்று மட்டும், அப்புறம் வார இறுதி வகுப்பு, அப்புறம் எழுத்து. மூன்றையும் முதல் ஆண்டிலேயே தொடங்கினால் மூன்றிலும் அரைகுறையாகி, சீனியரும் கோபிப்பார், மாணவரும் கோபிப்பார். எழுத்து தொடங்கும்வரை செய்ய வேண்டியது குறிப்பு எடுப்பது மட்டும்தான்: எந்தப் பிரச்சினை, எந்தப் பிரிவு, மன்று என்ன சொன்னது. கட்சிக்காரரின் பெயரும் இரகசியமும் அந்தக் கொப்பிக்குள் வரக் கூடாது. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மன்று விடுமுறைகளை எழுத்துக்கு ஒதுக்கலாம். டிசம்பரில் மழையும் வெள்ளமும் வந்து உங்களை வீட்டில் இருத்திவைக்கும், அது எழுத்துக்கு உதவிதான்.

பெண் சட்டத்தரணிகளுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். ஐந்தாறு ஆண்டு மன்று என்று நான் சொல்லும் காலம்தான் கல்யாணமும் பிள்ளையும் வரும் காலம். பொத்துவில் தவணைக்கு விடியற்காலை புறப்பட வீட்டில் இடம் கொடுப்பார்களா என்பது சட்டப் பிரச்சினை இல்லை, ஆனால் தொழிலை அதுதான் தீர்மானிக்கிறது. அவர்களில் பலர் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களில் சம்பளத்தோடு வேலை செய்து, அங்கே வரும் பராமரிப்பு, குடும்ப வன்முறை வழக்குகளால் ஆழமான அறிவு பெற்றிருக்கிறார்கள். ஆய்வுக்கு அது நல்ல இடம். ஏன் அதை யாரும் ஒரு வழியாகச் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

கடைசியாக மொழி. நம் மன்றுகளில் தமிழில் வழக்கு நடக்கிறது, மேல்மன்றத்தில் ஆங்கிலத்தில் வாதம் நடக்கிறது. சட்டக்கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்ற வந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது, நல்லது. ஆனால் தமிழில் பரீட்சை எழுதும் மாணவருக்குத் தமிழில் வாசிக்க என்ன இருக்கிறது? பல ஆண்டுக்கு முந்திய மொழிபெயர்ப்புகளும், கையால் எழுதிக் கைமாறும் குறிப்புகளும்தான். பல்கலைக்கழகத்தில் இருப்பவர் பதவி உயர்வுக்காக ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும். ஊர்ச் சட்டத்தரணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாகப்பிரிவினை வழக்கு எப்படி நடக்கிறது என்று முப்பது பக்கத்தில் நல்ல தமிழில் ஒருவர் எழுதினால், கல்முனையில் உள்ள ஜூனியரும் யாழ்ப்பாணத்தில் உள்ள மாணவரும் அதைத்தான் முதலில் தேடி எடுப்பார்கள்.