பழைய சாமான் விற்கும் ஆப்: விற்ற பிறகு வருகிற போனுக்கு யார் பதில் சொல்வது?

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்களுக்கு முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன். வாங்க ஆள் பிடித்துக் கொடுப்பதில் ஐந்துக்கு நாலு. பொருள் கைமாறிய பிறகு தகராறு வந்தால் அதைக் கவனிப்பதில் ஐந்துக்கு அரை. அந்த அரையும், தானாக வருகிற மெயிலாவது ஒன்று வந்ததே என்பதற்காக.

வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோவைக்குக் கிளம்பியபோது வாஷிங் மெஷின், பழைய போன், பைக், இன்னும் சில்லறைச் சாமான்கள் என எல்லாவற்றையும் ஓர் இலவச விளம்பர ஆப்பில்தான் போட்டு விற்றேன். ஆப்பின் பெயர் வேண்டாம், ஏனென்றால் இந்த வகை ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. போட்டோ எடுத்துப் போடுவது, ஏரியா குறிப்பது, விலை போடுவது எல்லாம் சுலபம், அம்மாவே செய்துவிடுவார். விளம்பரம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே "இருக்கா ப்ரோ?", "லாஸ்ட் ப்ரைஸ் சொல்லுங்க" என்று வரிசையாக வரும். எழுதியதைப் படிக்காமலேயே பாதி விலைக்குக் கேட்பார்கள், "ஈவ்னிங் கண்டிப்பா வரேன் சார்" என்று சொல்லிவிட்டு அதற்கப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள். இதெல்லாம் தகராறில் சேராது, எரிச்சல் மட்டும்தான், பிளாக் செய்துவிட்டுப் போகலாம்.

தகராறு வந்தது வாஷிங் மெஷினில். ஃப்ரண்ட் லோடு மெஷின், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவர் புதிதாகக் கல்யாணமான பையன், நண்பனையும் ஒரு குட்டி யானையையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் எதிரிலேயே தண்ணீர் விட்டு, ஸ்பின் வரைக்கும் ஓட்டிக் காட்டினேன், அதை வீடியோவும் எடுத்துவைத்தேன், வீடியோவில் "சூப்பர்ண்ணா, சத்தமே இல்ல" என்று அவர் குரலே இருக்கிறது. பணம் கொடுத்தார், ஏற்றிக்கொண்டு போனார். அந்த வாரக் கடைசியில் போன்.

"அண்ணா, ஸ்பின் போட்டா மெஷின் ரூமையே சுத்தி வருதுண்ணா. கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. பழுதான மெஷினை என் தலையில கட்டிட்டீங்க."

"உங்க முன்னாடிதானே தம்பி ஓட்டிக் காட்டினேன்?"

"அப்ப வெறும் டிரம்தானே ஓடிச்சு, துணி போடலையே. பாதிப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, துணி போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஆனால் மெஷின் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதும் இருக்கிறதே. ஃப்ரண்ட் லோடு மெஷினில் டிரம் ஸ்பிரிங்கிலும் ஷாக் அப்சார்பரிலும் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் புது மெஷின் வரும்போது பின்பக்கம் நீளமான போல்ட்டுகளைப் போட்டு டிரம்மை அசையாமல் கட்டி அனுப்புகிறார்கள், வீட்டில் வைத்ததும் கழற்றிவிடுவார்கள், மறுபடி எங்காவது கொண்டுபோகும்போது திரும்ப மாட்ட வேண்டும். அந்த போல்ட்டுகளை நான் ஒரு கவரில் வைத்திருந்தேன், ஏற்றுவதற்கு முன்னால் மாட்டச் சொல்லிக் கையில் கொடுத்தேன். "எதுக்குண்ணா, பக்கத்துலதானே" என்று கவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மெஷினைப் படுக்கவைத்து ஏற்றினார்கள். சென்னைச் சாலையில் படுத்தபடி போன டிரம் என்ன பாடு பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ் விற்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு: படுக்கவைத்துக் கொண்டுபோய் இறக்கியவுடனே ஸ்விட்ச் போட்டால் கம்ப்ரஸர் எண்ணெய் இடம் மாறியிருக்கும்போதே ஓட ஆரம்பித்துக் கம்ப்ரஸர் கெட வாய்ப்பு இருக்கிறது. பல மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்துவிட்டுத்தான் போட வேண்டும். வாங்குபவரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் சாட்டிலும் எழுதிவிடுங்கள்.

நான் ஆப்பின் உதவிப் பக்கத்துக்குப் போனேன். புகார் சொல்ல அங்கே இருப்பவை எல்லாம் விளம்பரம் பற்றியவை: போலி விளம்பரம், தவறான பிரிவு, ஏற்கெனவே விற்றுப்போனது, இப்படி. "வாங்கியவரோடு பிரச்சினை" என்று ஒரு வழியே இல்லை. மெயில் எழுதினால் தானாக ஒரு பதில் வந்தது, நாங்கள் இரண்டு தரப்பையும் சந்திக்க வைப்பதோடு சரி, பரிவர்த்தனையில் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று. சரி, இலவசச் சேவை, நியாயம்தான் என்று விட்டிருப்பேன். ஆனால் அதே நேரத்தில் அந்தப் பையன் கோபத்தில் என்னை மோசடி ஆள் என்று ரிப்போர்ட் செய்திருக்கிறார், உடனே என்னுடைய மற்ற விளம்பரங்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடியோவை அனுப்ப ஓர் இடமும் இல்லை. பொறுப்பில்லை என்பவர்கள் தீர்ப்பு மட்டும் எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

கடைசியில் பிரச்சினையை முடித்தது நாங்கள் இரண்டு பேரும்தான். சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு ஷாக் அப்சார்பர் போய்விட்டது, கொண்டுவரும்போது அடி வாங்கியிருக்கிறது என்றார். வந்துபோன சார்ஜ் என்னுடையது, ஸ்பேர் அவருடையது என்று பேசி முடித்தோம். எனக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனாலும் புதுக்குடித்தனம், போகட்டும் என்று தோன்றியது. ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற அவருக்கும் வழி கிடைக்கவில்லை, அது வேறு கதை.

நடுவில் நின்று பணத்தைப் பிடித்து வைக்கிற சேவை நம் ஊரில் இல்லாமலே இருந்தது என்று நினைக்காதீர்கள். ஈபே 2004-இல் பாஸி டாட் காமை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது, இங்கே பைசாபே என்று ஒரு முறை வைத்திருந்தார்கள், வாங்குபவர் கட்டுகிற பணம் அங்கே நிற்கும், பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதான் விற்றவருக்கு வரும். 2018-இல் ஈபே இந்தியா தளமே மூடப்பட்டது. இன்று ஐரோப்பாவில் துணிமணி விற்கிற விண்டெட் ஆப்பில் பொருள் கிடைத்து இரண்டு நாளுக்குள் வாங்கியவர் ஏதாவது சொல்லாவிட்டால் பணம் விற்றவருக்குப் போய்விடும், அதற்குமேல் பேச்சு இல்லை. ஆனால் நடுவர் இருந்தால் விற்பவருக்கு எல்லாம் சுகம் என்றும் சொல்ல முடியாது. ஈபேயில் 2008-லிருந்து விற்பவர் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு போடவே முடியாது, "சொன்ன மாதிரி இல்லை" என்று வாங்குபவர் ஒரு வரி எழுதினால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய நிலைமை அங்கே சாதாரணம், திரும்பி வருகிற பெட்டியில் என்ன இருக்கும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். அப்புறம், கூரியரில் போகிற சட்டைக்கும் போனுக்கும் இது சரிவரும், கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் எப்படிச் செய்வது?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியபோது கிடைத்தது சுவாரசியமாக இருந்தது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆவது பிரிவு, மோசடி என்றால் என்ன என்பதைப் பற்றியது. அதில் ஒரு குதிரையை வைத்து உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் குதிரையை ஏலத்தில் விற்கிறார், அதற்குக் கோளாறு இருப்பது அவருக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. இது மோசடி இல்லை என்கிறது சட்டம். வாங்குபவர் விற்பவரின் அப்போதுதான் வயதுக்கு வந்த மகளாக இருந்தால் கதை வேறு, அந்த உறவே சொல்ல வேண்டிய கடமையை உண்டாக்குகிறது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: வாங்குபவர் "நீங்கள் மறுக்கவில்லை என்றால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்கிறார், விற்பவர் பேசாமல் இருக்கிறார். அங்கே அந்த மௌனம் பேசியதற்குச் சமம். இதைப் படித்த பிறகு ஆப் சாட்டைத் திறந்து பாருங்கள். "வேற எதுவும் ப்ராப்ளம் இல்லையே ப்ரோ? இல்லன்னா நாளைக்கு வந்து எடுத்துக்கறேன்" என்று ஒருவர் கேட்க, நாம் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். குதிரைக்காரர் கதைதான். நான் இப்போது குறைகளை விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறேன், கீறல், மாற்றிய பார்ட், சத்தம், எல்லாம். கொஞ்சம் விலை குறைத்துக் கேட்கிறார்கள், ஆனால் அப்புறம் போன் வருவதில்லை.

போன் விற்பதில் இதைவிட அதிக வாய்த்தகராறு. பேட்டரி ஹெல்த் எவ்வளவு, ஸ்க்ரீன் ஒரிஜினலா, இவைதான் முக்காவாசிச் சண்டைக்குக் காரணம். அதற்குமேல் ராத்திரி பதினோரு மணிக்கு "சார், உங்க ஜிமெயில் பாஸ்வேர்ட் கேக்குது" என்று வருகிற அழைப்பு. ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை எடுக்காமல் ரெக்கவரி வழியாக ரீசெட் செய்தால் பழைய கணக்கைக் கேட்டு நின்றுவிடும், ஐபோனில் ஐகிளவுடிலிருந்து வெளியே வராவிட்டால் ஆக்டிவேஷன் லாக். வாங்குபவர் போவதற்கு முன்னால் அவர் சிம்மைப் போட்டு, அவர் கணக்கில் உள்ளே போய், ஒரு கால் பேசச் சொல்லி அனுப்புவதுதான் நல்லது. அவருக்குத் திருட்டு போன் சந்தேகம் இருந்தால் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை எடுத்து, சஞ்சார் சாத்தி என்கிற அரசுத் தளத்தில் சரிபார்க்கச் சொல்லுங்கள். பில்லையும் கொடுத்துவிட்டால் பேச்சு வளராது. வீட்டுக்கே ஆள் அனுப்பி போனை வாங்கிக்கொள்கிற நிறுவனங்களையும் பார்த்தேன், ஆப்பில் காட்டுகிற விலை ஆள் வந்து சோதித்த பிறகு கணிசமாக இறங்கிவிடுகிறது, அங்கேயே பேரம் பேசவும் முடியாது. ஆனால் கொடுத்த பிறகு யாரும் போன் செய்து பாதிப் பணம் கேட்பதில்லை. போனுக்கு மட்டும் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன், சில ஆயிரம் நஷ்டம் நிம்மதிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கில் தகராறு வேறு ரகம், அங்கே வாங்கியவர் போன் செய்ய மாட்டார், போலீஸ் செய்யும். "நேம் ட்ரான்ஸ்ஃபர் அப்புறம் பண்ணிக்கறேன் சார், ஃபார்ம்ல மட்டும் கையெழுத்து போட்டுக் குடுங்க" என்பார்கள். ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய் மாசக்கணக்கில் ஆர்சி நம் பேரிலேயே ஓடும், சிக்னலைத் தாண்டிய இ-சலான் நம் நம்பருக்கு வரும். விபத்து ஆனால் இன்னும் மோசம்: ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது, அந்த வண்டி பல கை மாறியிருந்தும் கூட. அதனால் என் பைக்கை, விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆர்டிஓவுக்குக் கூடவே வரச் சம்மதித்தவருக்குத்தான் கொடுத்தேன்.

பணம் வாங்குவது பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ராணுவத்தில் இருக்கிறேன், பொருளைப் பார்க்கக்கூட வேண்டாம், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று வருகிற ஆள் இன்னும் வருகிறான். பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, இது ஒன்று தெரிந்தால் போதும். போலி ஸ்க்ரீன்ஷாட்டும் அப்படித்தான், நம் பேங்க் ஆப்பில் பேலன்ஸ் ஏறியதைப் பார்த்த பிறகே சாமானைத் தூக்க விடுங்கள். ஆனால் நிஜமான பணமே வந்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை: அது வேறு யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்து அவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் புகார் கொடுத்தால், பணம் போன வழியில் இருக்கிற கணக்குகளை முடக்குவார்கள், ஒரு கட்டிலை விற்ற நம் கணக்கும் அதில் மாட்டலாம். வந்தவர் பெயரும் பணம் வருகிற கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். மச்சான் அனுப்புவார், ஃப்ரெண்ட் அனுப்புவார் என்றால் கேஷ் கேளுங்கள்.

அபார்ட்மெண்ட் வாட்ஸப் குரூப்பில் விற்றால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஆள் தெரிந்தவர், பணம் பத்திரம். ஆனால் அங்கே கட்டிலை வாங்கிய மாமி லிஃப்டில் பார்க்கிறபோதெல்லாம் "உங்க கட்டில் கீச்சுகீச்சுன்னு சத்தம் போடறது" என்று சொல்லாமல் விட்டதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார், விடவும் மாட்டார். கோவைக்கு மாறியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

அந்த ஆப்பை நீக்கிவிட்டேனா என்றால் இல்லை, இவ்வளவு ஆட்களைச் சேர்த்துக் கொடுக்க வேறு இடம் கிடையாது. அவர்களிடம் நான் கேட்பது இரண்டே விஷயம். சாமானை வீட்டு வாசலில் பார்த்து, ஓட்டிச் சோதித்து எடுத்துக்கொண்டேன் என்று வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து அழுத்த ஒரு பட்டன், வீடியோவும் நேரமும் அதிலேயே பதிவாகிற மாதிரி. அப்புறம், யாராவது ரிப்போர்ட் செய்தால் விளம்பரத்தை நிறுத்துவதற்கு முன்னால் அடுத்தவரிடம் என்ன நடந்தது என்று கேட்கிற ஒரே ஒரு கேள்வி. விளம்பரத்தை மேலே காட்டுகிறோம், காசு கட்டுங்கள் என்று ஒவ்வொரு ஸ்க்ரீனிலும் பட்டன் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை.