வீட்டுக் கம்ப்யூட்டருக்கு கிளீனரும் ஆன்டிவைரஸும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தேறியவை, தேறாதவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தேவையற்ற கோப்புகளை அழிக்கும் ‘கிளீனர்’ என்று தனியாக ஒரு மென்பொருள் தேவையே இல்லை. ஆன்டிவைரஸுக்கு விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே பெரும்பாலானோருக்குப் போதும். ஆனால் வந்தது வந்தபடி விட்டால் போதாது, நாலைந்து இடத்தில் கை வைக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியவர்களும் சிலர் உண்டு. அவர்கள் யார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் கிளீனர்கள். ஒரு காலத்தில் ஓ.எஸ். போட்டு முடித்த கையோடு எல்லோரும் இன்ஸ்டால் செய்தது சிகிளீனர். சின்னது, இலவசம், சொன்ன வேலையைச் செய்தது. அதைத் தயாரித்த பிரிஃபார்மை 2017 ஜூலையில் அவாஸ்ட் வாங்கியது. அடுத்த மாதம் 15ஆம் தேதி வெளியான 5.33 பதிப்பின் 32 பிட் கோப்புக்குள் மால்வேர் (தீங்கு செய்யும் நிரல்) இருந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தே அதைச் சேர்த்திருந்தார்கள். ஆகவே டவுன்லோட் செய்த தளமும் அசல், டிஜிட்டல் கையொப்பமும் அசல். செப்டம்பரில் விஷயம் வெளியே வருவதற்குள் சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களில் அது இறங்கியிருந்தது. 2018இல் 5.45 பதிப்பின் பின்னணிக் கண்காணிப்பை அணைக்க முடியாமல் போனதில் எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்றார்கள். 2020இல் அதன் இலவச இன்ஸ்டாலரை, வேறு மென்பொருள்களைக் கூடவே திணிக்கிறது என்று டிஃபெண்டரே ‘வேண்டாத மென்பொருள்’ வரிசையில் சேர்த்தது. மென்பொருளின் பெயர் மாறவில்லை, ஐகான் மாறவில்லை. கைதான் மாறியது. பாதுகாப்பு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நீண்ட நாள் பயன்பாடு காட்டித் தரும் முதல் விஷயம் இது. போன வருடம் நன்றாக இருந்தது என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் அல்ல.

‘ஹெல்த் செக்’, ‘பிசி பூஸ்டர்’ வகையறாக்களை ஒதுக்குவதற்கு இதைவிட வலுவான காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ கடைகளில் ‘பிசி ஹெல்த் செக்’ என்று இலவசமாகச் சோதித்துக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் நான்கு கேள்விகள்: மெஷின் மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, பாப்அப் தொல்லை உண்டா. இதில் ஒன்றுக்கு டிக் போட்டாலே போதும், ஸ்கேனில் எதுவும் சிக்காவிட்டாலும் மால்வேர் அறிகுறி இருப்பதாகவே முடிவு வரும். பிறகு சரிசெய்யக் கட்டணம். 2019 மார்ச்சில் ஆபீஸ் டிப்போவும், அந்த மென்பொருளைக் கொடுத்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அவ்வளவு பெரிய கடையே இப்படி என்றால், விளம்பரத்தில் வரும் பூஸ்டர் காட்டும் ‘ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்’ எப்படிப்பட்டவை என்று ஊகிக்கலாம்.

அந்தப் பிழைகளில் பெரும்பகுதி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் நிரல்களும் தம் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) தங்கிப்போன பழைய பதிவுகள். ஒவ்வொன்றும் சில பைட்டுகள்தான், லட்சம் பதிவுகள் இருந்தாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியாது. தவறானதை எடுத்துவிட்டால்தான் வித்தியாசம் தெரியும்: ஆபீஸ் மென்பொருளைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய முடியாது, பிடிஎஃப் எந்த ஆப்பில் திறக்க வேண்டும் என்பது மறந்துபோகும். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே எழுத்தில் சொல்லியிருக்கிறது.

சுத்தம் செய்ய செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ் போதும். அங்கே ‘டெம்பரரி ஃபைல்ஸ்’ திறந்தால் பட்டியல் வரும். விண்டோஸ் அப்டேட் மிச்சங்கள், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில்கள் ஆகியவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியும் அதே பட்டியலில் இருக்கிறது, கவனம். தானாக டிக் ஆகியிருக்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் மளமளவென்று டிக் போடுகிறவர் கைக்கு அதுவும் சிக்கும். ஆதார் பிடிஎஃப், மார்க் ஷீட் ஸ்கேன், பில் எல்லாம் பலருக்கு டவுன்லோட்ஸில்தான் கிடக்கும். ‘முந்தைய விண்டோஸ்’ என்ற வரி பல ஜிபி இருக்கும். பெரிய அப்டேட் பிடிக்காமல் பழையதற்குத் திரும்ப அதுதான் வழி என்பதால், புதிய பதிப்பில் பிரின்டர், ஸ்கேனர், வைஃபை மூன்றும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு எடுங்கள். எடுக்காவிட்டாலும் 10 நாளில் விண்டோஸே நீக்கிவிடும்.

யூடியூபில் எல்லோரும் சொல்லும் ‘பிரீஃபெட்ச் ஃபோல்டரை அழி’ என்ற யோசனை வீண் வேலை. ஆப்கள் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் அடுத்த தடவை மெதுவாகத் திறந்து, அதே குறிப்பை மறுபடி எழுதிக்கொள்ளும். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெரிதாகத் தெரிகிறது என்று கையால் அழித்தால் அப்டேட்டே நின்றுவிடும். மெஷின் உண்மையிலேயே மெதுவாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 100 சதவீதத்தைத் தொட்டபடி இருந்து, உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எந்தக் கிளீனரும் கொடுக்காத வேகத்தை அதற்குப் பதிலாகப் போடும் ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) கொடுக்கும்.

இனி டிஃபெண்டர். ஜெர்மனியின் ஏவி டெஸ்ட் ஆய்வகம் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை என மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண் போடுகிறது. டிஃபெண்டர் முழு 18ஐயும் பல தடவை வாங்கியிருக்கிறது. ஆனால் ஆஸ்திரியாவின் ஏவி கம்பேரடிவ்ஸ் சோதனைகளில் இன்னொன்றும் தெரிகிறது: இணையம் இல்லாதபோது டிஃபெண்டரின் கண்டுபிடிப்பு விகிதம் நன்றாகவே இறங்குகிறது. அதன் மூளையில் பாதி கிளவுடில், அதாவது இணையத்தில் உள்ள மைக்ரோசாஃப்ட் சர்வர்களில் இருக்கிறது. பிராட்பேண்ட் எப்போதும் ஓடும் வீட்டில் இது பிரச்சினை இல்லை. தேவைப்படும்போது மட்டும் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு, மற்ற நேரம் பென்டிரைவில் கோப்பு வாங்கி ஓட்டும் கம்ப்யூட்டருக்கு இது குறைதான். காசு கொடுத்து வாங்கலாம் என்று சொன்னது இவர்களைத்தான்.

ஆன் செய்ய வேண்டியவை விண்டோஸ் செக்யூரிட்டி ஆப்பில் இருக்கின்றன. ‘டேம்பர் புரொடெக்‌ஷன்’ ஆனில் இருக்கட்டும்; டிஃபெண்டரை வேறு நிரல்கள் அணைத்துவிடாமல் காப்பது அது. ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ பகுதியில் ‘பொடென்ஷியலி அன்வான்டட் ஆப்’ தடுப்பு ஆனா என்று பாருங்கள். டூல்பார், டிரைவர் அப்டேட்டர் வகைகளைப் பிடிப்பது அதுதான். அடுத்து, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்களுக்கு எதிரான ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ உள்ளே ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’. இது ஆஃபாகவே வரும். ஆன் செய்தால் அறிமுகமில்லாத நிரல் எதுவும் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் போன்ற ஃபோல்டர்களில் எழுத முடியாது. இதில் ஓர் ஓட்டை உண்டு. நம் வீடுகளில் கல்யாண ஆல்பமும் குழந்தை வீடியோவும் டி டிரைவில்தான் இருக்கும், அதற்கு இந்தக் காவல் தானாகப் போகாது. ‘புரொடெக்டட் ஃபோல்டர்ஸ்’ திறந்து அந்த ஃபோல்டர்களை நீங்களே சேர்க்க வேண்டும். ஆன் செய்தபின் பழைய போட்டோ எடிட்டரோ கேமோ சேவ் ஆகாமல் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று சம்பந்தமில்லாத பிழை காட்டினால் பதற வேண்டாம். ‘அலவ் ஆன் ஆப்’ பட்டியலில் அந்த நிரலைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பார்க்க வேண்டியது ‘எக்ஸ்குளூஷன்ஸ்’, அதாவது ஸ்கேன் செய்யாமல் விட வேண்டியவற்றின் பட்டியல். ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன்’ உள்ளே, ‘மேனேஜ் செட்டிங்ஸ்’ பக்கத்தின் அடியில் இருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். கிராக் செய்த (காசு கொடுக்காமல் உரிமத்தை உடைத்த) விண்டோஸ் போட்டுக் கொடுத்த மெஷினில், அப்படி உடைக்கும் ஆக்டிவேட்டர் நிரல் இருக்கும் ஃபோல்டரையும், சில சமயம் சி டிரைவ் முழுவதையுமே அங்கே சேர்த்திருப்பார்கள். பச்சை டிக் ஜம்மென்று தெரியும், ஸ்கேன் மட்டும் நடக்காது.

வாங்குவதானால் உள்ளூரிலேயே நல்ல பெயர்கள் உண்டு: 1991இல் தொடங்கிய சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல். பெட்டியில் இருக்கும் சிடியைப் போடாதீர்கள், அது பழைய பதிப்பாக இருக்கும். நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி, கீயை மட்டும் பயன்படுத்துங்கள். வெளிநாட்டுப் பெயர்களில் நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, சிகிளீனர் ஐந்தும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று பிடிக்கவில்லை என்று இன்னொன்றுக்குத் தாவுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அவாஸ்ட் பயனர்களின் இணைய உலாவல் விவரங்கள் ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியே விற்கப்பட்டது 2020 ஜனவரியில் வெளியாகி, அந்நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அதற்காக 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. காஸ்பர்ஸ்கியின் கதை வேறு. அமெரிக்கா 2024இல் தடை செய்ததும், அங்கிருந்த வாடிக்கையாளர்கள் பலரின் கம்ப்யூட்டரில் அது தானாக நீங்கி அல்ட்ராஏவி என்ற வேறொன்று வந்து உட்கார்ந்தது. அந்தத் தடை இந்தியாவுக்குப் பொருந்தாது. ஆனாலும் ஒரு ஆன்டிவைரஸுக்கு நம் மெஷினில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலை பல மடங்காக இருக்கும். கார்டில் தானாகப் பணம் எடுக்கும் முன், 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வந்தால் விளம்பரம் என்று தள்ளிவிடாமல் படியுங்கள்.

புது லேப்டாப்போடு வரும் சோதனைப் பதிப்பைத் தொடரப் போவதில்லை என்றால் முதல் நாளே நீக்கிவிடுங்கள். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். வெறுமனே அன்இன்ஸ்டால் செய்தால் சில டிரைவர்கள் தங்கிவிடும். மெக்காஃபி, நார்ட்டன், அவாஸ்ட் மூன்றுக்கும் அவரவர் தளத்திலேயே தனி நீக்கும் கருவி இருக்கிறது, அதை ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் முழுநேரமும் ஓட்டுவது இரட்டைப் பாதுகாப்பு ஆகாது. ஒரே கோப்பை இரண்டும் பிடித்துக்கொண்டு மெஷினை உறைய வைக்கும். இரண்டாவது கருத்து வேண்டுமானால் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு நல்லது. 14 நாள் சோதனை முடிந்ததும் அது கேட்டால் மட்டும் ஸ்கேன் செய்யும்.

‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’ என்று திரை மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கிறதா? பெரும்பாலும் வைரஸ் அல்ல, ஏதோ தளத்தில் ‘அலவ்’ அழுத்தியதன் விளைவு. குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள், தீர்ந்தது.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவ் தனிக் கவனம் கேட்கும். டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேன்கூட, மாற்றாத வரை, பென்டிரைவைத் தொடாது. ரைட் கிளிக் செய்து ‘ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்’ கொடுக்க வேண்டும். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட் ஆகத் தெரிந்தால் எதையும் டபுள் கிளிக் செய்யாதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். உங்கள் கோப்புகள் அங்கேயேதான் இருக்கும், ‘ஹிடன்’, ‘சிஸ்டம்’ என்ற இரண்டு முத்திரை குத்தி மறைக்கப்பட்டிருக்கும். முதலில் ஸ்கேன், பிறகு கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் (attrib) கட்டளை மூலம் அந்த இரண்டு முத்திரைகளையும் கழித்தால் ஃபோல்டர்கள் திரும்பிவிடும்.

கிராக் அல்லது ஆக்டிவேட்டர் ஓட்டிய பிறகு சந்தேகம் வந்தால் வரிசை முக்கியம். இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு போனிலிருந்து ஜிமெயில், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் ‘சைன் அவுட்’ கொடுங்கள். திருடர்கள் எடுத்துப் போவது பாஸ்வேர்டு மட்டுமல்ல, பிரவுசரில் திறந்திருக்கும் லாகினையும்தான். பிறகு மெஷினில் ‘டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’. ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே சுமார் 15 நிமிடம் ஓடும். அதில் ஏதாவது சிக்கினால் சுத்தம் செய்துகொண்டு உட்காராமல், போட்டோ, டாகுமென்ட்களை மட்டும் வெளியே எடுத்து, ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘ரிமூவ் எவ்ரிதிங்’, ‘கிளவுட் டவுன்லோட்’ தேர்வு செய்யுங்கள். இணையத்தை மறுபடி இணைத்தால் சுமார் 4 ஜிபி இறங்கும். திரும்ப எதை வேண்டுமானாலும் இன்ஸ்டால் செய்யலாம், அந்தப் பழைய செட்அப் கோப்புகளை மட்டும் தவிர.