அல்ட்ராசோனிக் தொட்டியும் அந்தப் பாழாய்ப்போன கூடையும்

போன வாரம் பாடாங் செராய் பாசாரில் தெரிந்த தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்ககிட்ட இருக்கிற மாதிரி 2 லிட்டர் அல்ட்ராசோனிக் தொட்டி விலை இறங்கியிருக்கு, எடுக்கலாமா?" காதுக்குக் கேட்காத ஒலியால் தண்ணீரை அதிரவைத்து அழுக்கை உதிர்க்கும் தொட்டி அது. என்னுடையதன் அடியில் ஒட்டியிருந்த அதிர்வு வட்டு கழன்று, அதைப் பழுது பார்க்க 90 ரிங்கிட் கொடுத்த மறுநாள் அது. புதுசே கிட்டத்தட்ட அந்த விலைதானாம். குடித்துக்கொண்டிருந்த காப்பி இறங்கவில்லை.

மூன்று வருஷமாக அதில் கண்ணாடித் துண்டுகள் கழுவுகிறேன். சூடேற்றிய கண்ணாடிமேல் டின் குளோரைடு கரைசலைத் தெளித்தால், மின்சாரம் கடத்தும் டின் ஆக்சைடு பூச்சாகப் படியும். அதில் மங்குஸ்தீன் தோல் சாயம் ஏற்றிய சூரிய மின்கலம் செய்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் விழாவுக்குக் கொடுப்பேன். (அடுப்பு பின்கட்டில்தான். அந்தப் புகையை வீட்டுக்குள் விட்டால் வீட்டுக்காரி என்னையும் வெளியே விடுவாள்.) பூச்சின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட வராது. கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தாலும் அந்த இடத்தில் பூச்சு சரியாகப் பிடிக்காது. கையால் தேய்த்துக் கழுவிய காலத்தில் ஒரே துண்டின் ஒரு மூலை 300 ஓம் மின்தடை காட்டும், எதிர்மூலை 2,000 காட்டும்.

தொட்டி வந்த பிறகு அந்தக் கூத்து நின்றது. வெந்நீரில் இரண்டு சொட்டு சோப்பு, 10 நிமிஷம். அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு முறை. கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அதைக் குவளையில் ஊற்றிக் குவளையைத் தொட்டித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். நேராகத் தொட்டியில் ஊற்றினால் தீப்பிடிக்கலாம். ஒரு துண்டை மட்டும் எடுத்து ஊதிப் பார்ப்பேன். ஆவி திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராகப் படிந்து மறையும். இன்றுவரை அது அலுக்கவில்லை.

ஆனால் தொட்டிக்குள் வைக்கும் அந்தக் கம்பிக் கூடை! கண்ணாடி கம்பியில் சாய்ந்த இடமெல்லாம், பூச்சு போட்டதும் வெளிறிய கோடாக எழும்பும். 10 நிமிஷம் கம்பியோடு உரசினால் வேறென்ன ஆகும்? கூடையில்லாமல் அடியில் போட்டால் தொட்டி கெடும். பிளாஸ்டிக் பலகையில் காடி வெட்டி நிறுத்தினேன். பிளாஸ்டிக் அதிர்வில் பாதியை விழுங்கிவிட்டது. இப்போது ஒரு மூலையைக் கவ்வித் தொங்கவிடுகிறேன். அந்த மூலை கணக்கில் இல்லை.

நியாயமாகச் சொன்னால், நான் இந்தத் தொட்டியைத் திட்டியதில் பாதி கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டியது. மழைக்காலத்தில் அடுக்கி வைத்த கண்ணாடியில் ஈரம் கோத்து, உள்ளிருக்கும் சோடியம் மேலே வந்து பால்போல் படலம் கட்டும். முற்றிப்போனால் கண்ணாடியே அரித்திருக்கும். எந்த அதிர்வுக்கும் போகாது. தொழிற்சாலைகளில் பூச்சுக்கு முன்னால் சிலிக்கா படலம் ஒன்று போடுவதும், சூட்டில் அந்தச் சோடியம் பூச்சுக்குள் ஏறிக் கெடுக்காமல் இருக்கத்தான். என் பின்கட்டில் அதற்கு ஏது வழி? புதுக் கண்ணாடியாகப் பார்த்து எடுக்கிறேன், அவ்வளவுதான்.

தம்பியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து எட்டுத் துண்டுகளைக் கழுவினேன், எட்டும் பளிச்சென்று வந்தன. இருந்தாலும் வேண்டாம்தான். கூடையில்லாமல் விற்றால் சொல்லுங்கள், எனக்கே இன்னொன்று வேண்டும்.