நம் எண் சிவப்பாக வருவது நமக்கு மட்டும் தெரியாது: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். கிளினிக் நடத்துகிறார், அப்பாயின்ட்மென்டை நினைவுபடுத்தக் கூப்பிட்டால் பாதிப் பேர் எடுப்பதில்லை, எடுக்காதவர்கள் நேரில் வந்து "ஸ்பேம்னு காட்டுச்சு டாக்டர்" என்கிறார்களாம். "நம்ம நம்பர் மத்தவங்க போன்ல ஸ்பேம்னு வருதான்னு பாத்துச் சொல்ற ஒரு கண்காணிப்புச் சேவை வச்சிருக்கியே, இப்ப சந்தாவைக் குறைச்சிருக்காங்க, வாங்கலாமா?" என்றார். பதில் சொல்ல ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் வீட்டுச் சாதனங்கள் பழுதுபார்க்கும் சர்வீஸ் நடத்துகிறேன். மூன்று எண்கள். டெக்னீஷியன் கிளம்பும் முன் ஒரு கால், பார்ட்ஸ் வந்தால் ஒரு கால், வேலை முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு கால். விளம்பரத்துக்காக ஒரு நாளும் ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

இந்தச் சேவையை நான் வாங்கியதற்குக் காரணம் ஒரே ஒரு நாள் காலையில் நடந்தது. வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது என்று ஒரு அம்மா புகார் கொடுத்திருந்தார். மூன்று முறை கூப்பிட்டோம், மூன்று முறையும் கட். ஆள் இல்லை என்று டெக்னீஷியனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மத்தியானம் மனசு கேட்காமல் நானே நேரில் போனேன். அவர் காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மெஷினுக்குள் துணி தண்ணீரோடு ஊறிக்கொண்டிருந்தது, நாற்றம் எடுக்க ஆரம்பித்திருந்தது. "அம்மா, மூணு தடவ கூப்பிட்டோமே" என்றேன். "நீங்களா தம்பி? சிவப்பா வந்துச்சு, ஏதோ லோன்காரன்னு நினைச்சு கட் பண்ணிட்டேன்" என்று போனை எடுத்துக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் எங்கள் எண், அதற்கு மேலே "ஸ்பேம்". எத்தனை நாளாக இப்படி வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் நம் போனிலிருந்து கூப்பிடும்போது நமக்கு எல்லாம் வழக்கம்போலத்தான் தெரியும்.

அந்தச் சேவை செய்வது இதுதான்: வாரம் ஒருமுறை நம் எண்களிலிருந்து வரும் அழைப்பு வெவ்வேறு நெட்வொர்க்கிலும் அழைப்பாளர் பெயர் காட்டும் ஆப்களிலும் எப்படித் தெரிகிறது என்று சோதித்து, ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்புவார்கள். ஸ்பேம் என்று காட்டினால் நம் சார்பில் முறையிடுவார்கள். முதல் அறிக்கையைத் திறந்தபோது கிடைத்த நிம்மதியை மறைக்க மாட்டேன். ஒரே எண், ஒரு இடத்தில் எங்கள் சர்வீஸ் பெயரோடு, இன்னொன்றில் வெறும் எண்ணாக, மூன்றாவதில் சிவப்பாக. வாடிக்கையாளர் கண்ணால் நம்மை நாமே பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நண்பரின் எண் அமெரிக்க எண் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவரிடம் வேறொருவர் "ஏ தரச் சான்று வாங்கித் தர்றோம், அப்புறம் ஸ்பேம் பிரச்சினையே வராது" என்று விற்கப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் 2021 ஜூன் 30-க்குள் தங்கள் ஐபி (இணைய வழி) நெட்வொர்க்கில் கட்டாயம் கொண்டுவர வேண்டியிருந்த, கூப்பிடும் எண்ணைச் சரிபார்க்கும் ஸ்டிர்-ஷேக்கன் முறையில் ஏ, பி, சி என்று தரும் தரம் அது. ஏ என்றால், கூப்பிடுபவர் எங்கள் வாடிக்கையாளர், இந்த எண்ணைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு உண்டு என்று அவருடைய தொலைபேசி நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்து போடுகிறது. பி என்றால் ஆளைத் தெரியும், எண்ணுக்கு உறுதி தர முடியாது. சி என்றால் வெளியிலிருந்து வந்தது, நாங்கள் கடத்திவிட்டோம், அவ்வளவுதான். ஏ இருப்பது நல்லதுதான், ஆனால் எண் போலியில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று. ஸ்பேம் என்று முத்திரை குத்துவது வேறு இடத்தில் நடக்கிறது. அங்குள்ள மொபைல் நெட்வொர்க்குகளில் ஏடி அண்ட் டிக்கு ஹியா, டி-மொபைலுக்கு ஃபர்ஸ்ட் ஓரியன், வெரைசனுக்கு டிஎன்எஸ் என்று மூன்று நிறுவனங்கள் அழைப்புகளின் போக்கைப் பார்த்து முடிவு செய்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஃப்ரீ காலர் ரெஜிஸ்ட்ரி என்ற இடத்தில் காசு கொடுக்காமலே எண்ணைப் பதிந்துவிடலாம். காசு கட்டுவதற்கு முன்னால் அதைச் செய்யச் சொன்னேன்.

அழைப்புகளின் போக்கு என்றேன் அல்லவா, அங்கேதான் எங்கள் தப்பும் இருந்தது. என் அலுவலகத்தில் ஒரு பையன் இரண்டு ரிங் விட்டு வைத்துவிடுவான், அவர்களே திரும்பக் கூப்பிடுவார்கள் என்று. எடுக்காதவர்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விடாமல் கூப்பிடுவான். வேலை மேல் அவனுக்கு இருந்த அக்கறை அது, குறையே சொல்ல முடியாது. ஆனால் தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு கணினிக்கு அது எப்படித் தெரியும்? காலையில் ஒரு மணி நேரத்தில் சடசடவென்று கால்கள், பெரும்பாலானவை சில நொடிகளில் முடிந்தவை, எடுத்தவர்கள் குறைவு. மோசடிக்காரன் கூப்பிடுவதும் அச்சு அசலாக இப்படித்தான். அதோடு எரிச்சலில் நாலு பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால் கதை முடிந்தது.

அதனால் மாற்றிக்கொண்டோம். கூப்பிடும் முன் ஒரு குறுஞ்செய்தி: "உங்கள் வாஷிங் மெஷின் வேலைக்கு 10 நிமிடத்தில் இந்த எண்ணிலிருந்து கூப்பிடுகிறோம்." முழுசாக ரிங் போகவிட வேண்டும், எடுக்காவிட்டால் அன்றைக்கு இன்னும் ஒரே ஒரு முறை. மூன்று எண்ணையும் கலந்து கூப்பிடாமல், வாடிக்கையாளருக்குப் போகும் கால் எல்லாம் ஒரே எண்ணிலிருந்து, பார்ட்ஸ் கடைகளுக்கு இன்னொன்று. வேலை முடிந்து கிளம்பும்போது டெக்னீஷியன் "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். இந்தக் கடைசி விஷயம் கொடுத்த பலனை நான் எதிர்பார்க்கவே இல்லை. சேவ் செய்த எண் அவர்கள் வைத்த பெயரில்தான் வருகிறது. ஐபோனில் 2019-இல் ஐஓஎஸ் 13-ஓடு வந்த, தெரியாத எண்களை மௌனமாக்கும் வசதியைப் போட்டிருப்பவர்களுக்கும் ரிங் அடிக்கிறது.

புது எண் வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு: நானும் ஒருமுறை வாங்கினேன். வந்த முதல் வாரமே யாரோ ஒருவர் கூப்பிட்டு, அதற்கு முன் அந்த எண்ணை வைத்திருந்தவரைத் திட்டினார். அறிக்கையில் பார்த்தால், நாங்கள் ஒரு கால்கூடப் பேசாத எண் ஏற்கெனவே சிவப்பு. அடிக்கடி எண் மாற்றுவதும் மோசடிக்காரர்களின் பழக்கம்தான், அதனால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். பழைய எண்ணைச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் வேலைக்கு ஆகிறது.

இப்போது சேவைக்கு வருகிறேன். ஸ்கிரீன்ஷாட் தெளிவு, முறையீட்டை ஒழுங்காகப் போடுகிறார்கள், ஆதரவுக்குக் கூப்பிட்டால் மனிதர் பேசுகிறார். எல்லாம் சரி. ஆனால் அறிக்கை திங்கட்கிழமைதான். செவ்வாய்க்கிழமை எண் சிவப்பானால் அடுத்த திங்கள் வரை ஆறு நாள் எனக்குத் தெரியாது. ஆறு நாள் என்பது எத்தனை வீடு, எத்தனை பேர் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! இதை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், தினமும் சோதியுங்கள் என்று. தினசரிச் சோதனை பெரிய திட்டத்தில் மட்டும்தானாம், நூற்றுக்கணக்கில் எண் வைத்திருப்பவர்களுக்கு. மூன்றே எண் வைத்திருப்பவனுக்கு ஒரு கால் வீணானாலும் அடி பெரிது என்பது அவர்களுக்கு ஏன் புரியவில்லை? இன்னொன்று, சிவப்பை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வரும், ஏன் விழுந்தது என்று வராது. இரண்டு மாதத்தில் அதே எண் மறுபடியும் விழும். காரணம் தெரிந்தால்தானே திருத்த முடியும்? இப்போது சந்தாவைக் குறைத்திருக்கிறார்கள். சோதனை இன்னும் வாரம் ஒருமுறைதான். விலையை விட்டுவிட்டு இரண்டு சோதனைக்கு நடுவில் இருக்கும் நாட்களைக் குறைத்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். முதலில் பதிவு, அப்புறம் குறுஞ்செய்தி, எண்ணை சேவ் செய்யச் சொல்வது, இந்த மூன்றையும் மூன்று மாதம் செய்து பார்க்கட்டும். அவர் வீட்டிலேயே நாலு பேரிடம் வேறு வேறு நெட்வொர்க், வேறு வேறு ஆப் இருக்கிறது, தினமும் காலையில் கிளினிக் எண்ணிலிருந்து அவர்களைக் கூப்பிட்டுத் திரையைப் பார்த்தாலே போதும், இந்த அறிக்கையை விட ஆறு நாள் முன்னால் தெரிந்துவிடும்.

நான் மட்டும் நேற்று இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். என் வீட்டில் இருப்பது இரண்டே போன், இரண்டும் ஒரே நெட்வொர்க். அந்த அம்மா இப்போது முதல் ரிங்கிலேயே எடுக்கிறார், அவர் போனில் நான் "மெஷின் தம்பி" என்று வருகிறேன். சேவ் செய்யாத மற்றவர்களின் திரையில் நான் எப்படி வருகிறேன் என்று பார்க்க, திங்கட்கிழமை வரை காத்திருந்தாவது, எனக்கு வேறு வழியில்லை.