ஷெஃபீல்டா, சோலிங்கனா, ஒட்டுக்கத்தியா? தோட்டத்து ஊரில் பழைய பேனாக்கத்தி சேர்ப்பவர்களுக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான ரப்பர் தோட்டத்து ஊரில் பழைய பேனாக்கத்தி தேடுபவர் ஈப்போ பழம்பொருள் கடைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. சரக்கு இங்கேயே கிடக்கிறது. துரை பங்களாக்களும் கிராணி (தோட்ட எழுத்தர்) வீடுகளும் இருந்த இடம் இது. 1948 ஜூன் 16இல் இங்கே தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பட்டாளமும் வந்து தங்கியது. அப்புறம் 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பியபோது, மேசை லாச்சிகளில் கிடந்ததெல்லாம் கைமாறியது. அதனால்தான் இன்றும் யாரோ ஒருவர் வீட்டு மைலோ டின்னில், ஆணிக்கும் பழைய சாவிக்கும் நடுவே, நல்ல கத்தி ஒன்று அகப்படுகிறது.

சேர்ப்பவர்கள் கூடினால், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டா ஜெர்மனியின் சோலிங்கனா என்றுதான் வாதம் நடக்கும். அந்த வாதத்தில் நம் தோட்ட வேலைக்கே உரிய கத்தியை, ரப்பர் நாற்றில் ஒட்டுக்கட்டும் ஒட்டுக்கத்தியை, விட்டுவிடுகிறோம் என்பது என் எண்ணம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேலைப்பாட்டில் ஷெஃபீல்டுக்கு நிகர் கிடையாது. ஜோசப் ரோஜர்ஸ் கம்பெனியின் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1764இலேயே கிடைத்த முத்திரை. ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கத்திகளில் இருக்கும் ‘ஐ எக்ஸ் எல்’ முத்திரை 1787ஐச் சேர்ந்தது. நன்றாக வைத்திருந்த ரோஜர்ஸ் கத்தி கிடைத்தால் முதலில் அதன் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். அலகு மடங்கியிருந்தாலும் விரிந்திருந்தாலும் அலகை இறுக்கிப் பிடிக்கும் முதுகு வில்லும் பக்கத்துத் தகடுகளும் ஒரே மட்டமாக இருக்கும். நகம் எங்கும் இடறாது. விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வில்லுக்கும் பித்தளைத் தகட்டுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியாது. விரிக்கும்போது ‘டக்’ என்று திடமாக ஒரு சத்தம், மூடும்போது இன்னொன்று. சின்னச் சின்னப் பட்டறைகளில் அரம் பிடித்து ஒவ்வொன்றாகப் பொருத்திய கைகளின் வேலை அது.

ஷெஃபீல்டில் இன்னொரு வசதி, வயது கண்டுபிடிப்பது. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் உள்ள எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். கிரீடத்துக்கு இருபுறமும் ‘வி ஆர்’ என்றிருந்தால் விக்டோரியா ராணி காலம், அதாவது 1901க்கு முந்தியது. ‘ஜி ஆர்’ என்றால் பெரும்பாலும் 1910க்குப் பிந்தியது. ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் இருந்தால் 1890க்குப் பிறகு என்று கொள்ளலாம். இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டதன் விளைவு அது.

இவ்வளவு பெருமைக்கும் எதிரி நம் ஊர் ஈரம். துருப்பிடிக்காத எஃகை ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டிலேயே 1913இல் கண்டுபிடித்தார் என்றாலும், நாம் தேடும் பழைய கத்திகள் அதற்கு முந்திய கார்பன் எஃகு. சாம்பலும் பழுப்புமாக மேலே படிந்திருக்கும் நிறம் கெடுதல் இல்லை. அதுதான் அலகின் காப்பு. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்கள் கத்தியின் மதிப்பைத் தங்கள் கையாலேயே அழிக்கிறார்கள். செம்பழுப்புத் துரு வேறு சங்கதி, அதைத் தடுத்தே ஆகவேண்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும். தோல் உறைக்குள் போட்டு வைப்பதும் ஆகாது. தோல் ஈரத்தை இழுத்து அலகிலேயே வைத்திருக்கும்.

சோலிங்கன் இங்கேதான் முன்னுக்கு வருகிறது. ‘ரோஸ்ட்ஃப்ரை’ என்று பொறித்த சோலிங்கன் கத்தி துருப்பிடிக்காத எஃகு. மாதக்கணக்கில் மறந்து லாச்சியில் கிடந்தாலும் பெரிய சேதம் இருக்காது. இந்த ஊரின் கதையும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் சோலிங்கன்காரர்கள் சிலர் ஷெஃபீல்டு முத்திரையைப் போலவே போட்டு மலிவுச் சரக்கு விற்றார்கள். அதைத் தடுக்க பிரிட்டன் 1887இல் வணிக முத்திரைச் சட்டம் கொண்டுவந்தது. ‘ஜெர்மனியில் செய்தது’ என்று போடவைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். சரக்கின் தரம் ஏறியபோது அந்த வாசகமே பெருமையாகிவிட்டது. 1938இல் சோலிங்கன் என்ற பெயருக்கே ஜெர்மனியில் தனிச்சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. 1731இல் பதிவான ஹென்கெல்ஸ் இரட்டையர், போக்கர் கம்பெனியின் மரம், பூமா ஆகிய மூன்று முத்திரைகளையும் தெரிந்துவைத்திருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

பொருத்தத்தில் சோலிங்கன் சுத்தம், ஆனால் ரோஜர்ஸின் அந்த வழவழப்பு எல்லாவற்றிலும் கிடைக்காது. மான்கொம்புப் பிடி போட்டவை அழகு. செல்லுலாய்டு பிடி போட்டவற்றில்தான் கவனம் வேண்டும். கட்டைவிரலால் பிடியைச் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டு செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். வயதாகி அது சிதையத் தொடங்கினால் அமிலப் புகை கசிந்து தன் அலகையும் பக்கத்துக் கத்திகளையும் அரித்துவிடும். நம் வெக்கையில் இது சீக்கிரமே நடக்கும். ஆகவே செல்லுலாய்டை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள்.

பட்டாளத்துக் கத்தி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கனமானது, டின் திறப்பானும் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் ஊசியும் சேர்ந்தது, பிரிட்டிஷ் அரசின் அகல அம்பு முத்திரையும் பலவற்றில் வருடமும் இருக்கும். அவசரகாலத்து வருடம் பொறித்தது ஒன்று இருந்தால் போதும். இரண்டாவது தேவையில்லை.

இப்போது ஒட்டுக்கத்தி. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளியை எல்லாருக்கும் தெரியும். அந்த மரம் எப்படி வந்தது என்பதை யோசிப்பவர் குறைவு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் சில பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு பால் கொடுக்கும். பால் அதிகம் தரும் மரத்தின் மொட்டை எடுத்து நாற்றில் ஒட்டுக்கட்டத் தொடங்கிய பிறகுதான் தோட்டம் முழுவதும் ஒரே தரமான மரங்கள் நின்றன. பிராங் பெசார் தோட்டத்தின் ‘பிபி’ ரகங்கள் அப்படி உருவானவை. அந்தத் தோட்டம் இருந்த மண்ணில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. 1925இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஆர்ஆர்ஐஎம் 600’ இன்னொன்று. கோடிக்கணக்கான மரங்களில் அந்த ஒட்டைக் கட்டிய கைகளில் நம் ஆட்களின் கைகள் எத்தனை!

கத்தி எளிமையானது. ஒரு முனையில் மெல்லிய மடக்கு அலகு, மறுமுனையில் எலும்பில் செதுக்கிய தட்டையான நாக்கு. அலகால் நாற்றின் பட்டையில் கோடு கீறி, கசியும் பாலைத் துடைத்து, எலும்பு நாக்கால் பட்டையை மெல்லத் தூக்க வேண்டும். உள்ளேயிருக்கும் ஈரப்படலம் காயப்பட்டால் ஒட்டுப் பிடிக்காது. இரும்புக்குப் பதில் வழவழப்பான எலும்பு அதற்காகத்தான். மொட்டைச் செருகிக் கட்டிவிட்டு மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். இவ்வகைக் கத்திகளுக்குப் பேர்போனவை ஷெஃபீல்டின் சேனர், ஜெர்மனியின் டினா.

பக்கத்துத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டிய பெரியவர் ஒருவர் தன் கத்தியைக் காட்டினார். அலகு தீட்டித் தீட்டிப் பாதி அகலமாகியிருந்தது. எலும்பு நாக்கின் ஒரு ஓரம் மட்டும் மழுங்கி மஞ்சளாக மின்னியது, அவர் கட்டைவிரல் அழுந்திய பக்கம். “இதை வேறு எதுக்காவது பயன்படுத்துவீங்களா தாத்தா?” என்று கேட்டேன். “இதால ஒரு வெத்தலக் காம்புகூட கிள்ளமாட்டேன் தம்பி. கூர் போச்சுன்னா ஒட்டு போச்சு” என்றார்.

ஷெஃபீல்டு பேனாக்கத்தி இப்படித் தேய்ந்திருந்தால் மதிப்புப் போச்சு என்று ஒதுக்கிவிடுவோம். ஒட்டுக்கத்தியில் அந்தத் தேய்மானத்தையே நான் தேடுகிறேன். வாங்கினால் யார் வைத்திருந்தார், எந்தத் தோட்டம், எத்தனையாம் நம்பர் காடு (தோட்டத்துப் பிரிவு), என்ன ரகம் கட்டினார் என்று ஒரு சீட்டில் எழுதிக் கத்தியோடு வையுங்கள். ரோஜர்ஸ் கத்தியின் வரலாறு புத்தகங்களில் இருக்கிறது. இதற்கு அந்தச் சீட்டுதான் உண்டு.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பிடி எலும்பா யானைத் தந்தமா என்று பாருங்கள்: எலும்பில் லென்ஸ் வைத்தால் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும். தந்தம் என்றால் எல்லை தாண்டி வாங்கவோ விற்கவோ போகாதீர்கள். 2008ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரின வணிகச் சட்டம் கடுமையானது. அடுத்தது, கத்தி வீட்டோடு இருக்கட்டும். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காட்டுவதற்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போக வேண்டாம்.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் ஒட்டுக்கத்தி தேடுங்கள், வைத்திருக்கும் பெரியவர்கள் இருக்கும்போதே. இரண்டாவதாக மான்கொம்புப் பிடி போட்ட துருப்பிடிக்காத சோலிங்கன் ஒன்று. பராமரிப்புப் பழக அது தோது. நாலைந்து கத்திகளைக் கையாண்டு வில்லின் சத்தம் காதுக்குப் பழகிய பிறகு ரோஜர்ஸுக்குப் போகலாம். அப்போதும் அலகு முழு அகலத்தோடு இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிடியில் மெல்லிய கீறல் இருந்தால் பரவாயில்லை.