கோல்ஃப் பந்து தூரம் போக எடைப் பயிற்சியா, மூட்டு நெகிழ்வா?

கோல்ஃபுக்காக உடம்பைத் தேற்ற நினைப்பவருக்கு இரண்டு வழி உண்டு. ஜிம்மில் எடை தூக்கலாம், அல்லது இறுகிய மூட்டுகளை இளக்கலாம். நான் முதலில் எடையைப் பிடித்தேன், நாலு மாதம். இப்போது இரண்டாவது கட்சி. ஆகவே என் சாய்வை மறைக்கப்போவதில்லை.

எடைக்கும் நியாயம் இருக்கிறது. கோல்ஃபருக்கு எடை ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் எடை தூக்கினார். அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ உடம்பை ஏற்றிக்கொண்டு வந்து 2020 யு.எஸ். ஓப்பனை வென்றார். கால் தரையை எவ்வளவு உந்துகிறதோ, அதைப் பொறுத்தது கிளப்பின் (பந்தை அடிக்கும் மட்டையின்) வேகம், இதில் சண்டையில்லை. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) ஆரம்பித்த பிறகு எனக்கும் பந்து கொஞ்சம் கூடுதலாகப் போன மாதிரிதான் இருந்தது. கருவி வைத்து அளக்கவில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பதினெட்டு ஹோல் (குழி) ஆட்டத்தில் பதினாலாவது வருவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும்.

காரணம் முதுகில் இல்லை. வலக்கைக்காரர் டவுன்ஸ்விங்கில், அதாவது ஓங்கிய மட்டையைப் பந்துக்கு இறக்கும்போது, உடம்பின் எடையை இடது காலுக்கு மாற்றுகிறார். பாதம் ஊன்றி நிற்க, இடுப்பெலும்பு அதன்மேல் இலக்கை நோக்கித் திரும்ப வேண்டும். அதற்கு இடது தொடை மூட்டு உட்பக்கம் சுழல வேண்டும். அது மறுத்தால் மிச்சத் திருப்பத்தை யார் கொடுப்பது? கீழ்முதுகுதான். அந்த எலும்புகளோ குனிய நிமிரத்தான் தோது. திரும்ப அவற்றில் இடம் ரொம்பக் குறைவு. (கீழ்முதுகையும் தொடை மூட்டையும் சேர்த்து ‘இடுப்பு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எங்கே வலி, எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு நாளானது.)

சோதிப்பது சுலபம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்கால் நகராமல் ஒரு பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் விசிறிப் பாருங்கள். எனக்கு வலது பாதம் தாராளமாகப் போனது. இடது பாதம் நாலு விரல் அகலத்தில் நின்றது. அதற்கு மேல் தள்ளினால் பிட்டம் நாற்காலியை விட்டு எழும்பியது. இந்த மூட்டை வைத்துக்கொண்டு நான் வேகத்தைக் கூட்டியிருக்கிறேன். கூடின வேகமெல்லாம் முதுகில் போய் இறங்கியிருக்கிறது.

இப்போது தினமும் பத்து நிமிடம். தரையில் உட்கார்ந்து, மடக்கிய முழங்கால்களை இடமும் வலமுமாகச் சாய்ப்பது. அப்புறம் தவழும் நிலையில் ஒரு கையைப் பிடரியில் வைத்து முழங்கையை மேலே பார்க்கத் திருப்புவது, இது நடுமுதுகுக்கு. ஆறு வாரத்தில் பேக்ஸ்விங்கில், அதாவது மட்டையைப் பின்னால் ஓங்கும்போது, இடது தோள் மோவாய்க்குக் கீழே வந்தது. அதுவரை கைகளை மட்டும் தூக்கிவிட்டு, திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை என்றால் பராமரிப்புதான். எடைக்கு வாரம் இரண்டு நாள் போதும். இது தினமும் கேட்கும். நாற்காலி வேலையில் ஒரு வாரம் விட்டாலே எனக்குப் பழையபடி இறுகிவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக வளைகிறவர்களுக்கு என் கணக்கு செல்லாது, அவர்களுக்கு எடையே முதலில் தேவைப்படலாம். வலி காலுக்கு இறங்கினால் இரண்டையும் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மூட்டு இளகும்வரை ஒரு கைவைத்தியம்: பந்தின் முன் நிற்கும்போதே இடது பாதத்தின் விரல்களை இலக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். மூட்டுக்குச் சுழல வேண்டிய தூரம் குறையும். நான் இன்னும் அப்படித்தான் நிற்கிறேன்.