வண்ணத்தாள், புது எழுத்துரு, இடைவெளி: வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு எது உதவும்?

பிள்ளை வாசிக்கத் திணறினால் நாம் முதலில் சந்தேகப்படுவது கண்ணைத்தான். மருத்துவ உலகமும் அங்கிருந்துதான் தொடங்கியது. புத்திசாலியான 14 வயதுப் பையனுக்கு வாசிப்பு மட்டும் வராததை 1896-ல் பதிவு செய்த ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், அதைப் 'பிறவிச் சொற்குருடு' என்றே அழைத்தார். இன்று டிஸ்லெக்சியா என்று சொல்வது இந்த வாசிப்புத் திணறலைத்தான். அதற்குக் கண்வழித் தீர்வு விற்பவர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

முதலில் வண்ணத்தாள். 1980-களில் ஹெலன் இர்லன் பரப்பிய முறை இது. பக்கத்தின் மேல் நிறத்தாளை விரித்தால், அல்லது நிறக்கண்ணாடி போட்டால், எழுத்து நெளிவது நிற்கும் என்பார்கள். நெருக்கமான வரிகள் கோடுகோடாகத் தெரிந்து சிலருக்குக் கண் கூசுவதும் தலை வலிப்பதும் உண்மைதான். ஆனால் அது வேறு சிக்கல், டிஸ்லெக்சியா வேறு. அமெரிக்கக் குழந்தைநல, கண் மருத்துவச் சங்கங்கள் 2009-ல் வெளியிட்ட கூட்டறிக்கை இந்தக் கண்ணாடிகளை ஆதரிக்கவில்லை. தலைவலி குறைகிறது என்று பிள்ளையே சொன்னால் தாளை வைத்துக்கொள்ளட்டும். விலை உயர்ந்த கண்ணாடிக்குப் போகாதீர்கள்.

அடுத்து, தனி எழுத்துருக்கள். 2008-ல் வந்த 'டிஸ்லெக்சி' எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்துக்கும் அடிப்பகுதி தடிமன். எழுத்து தலைகீழாகவோ இடவலமாகவோ புரளாது என்பது கணக்கு. அந்தக் கணக்கே பிசகு. தெரியாத மொழியான ஹீப்ருவின் சொற்களைக் காட்டி நினைவிலிருந்து எழுதச் சொன்னபோது, வாசிக்கத் திணறும் பிள்ளைகளும் மற்றவர்களுக்கு இணையாக எழுதினார்கள் என்று 1970-களிலேயே உளவியலாளர் ஃபிராங்க் வெலுட்டினோ காட்டிவிட்டார். அவர்களுக்கு வடிவம் சரியாகத்தான் தெரிகிறது. அதை ஒலியோடு சேர்க்கும் இடத்தில்தான் இடறுகிறது. 2016-ல் இன்னொரு ஆய்வு, இந்த எழுத்துருவில் கிடைத்த சிறு பலனும் அதன் அகலமான இடைவெளியால் வந்தது என்றது. ஏரியல் என்ற வழக்கமான எழுத்துருவுக்கு அதே இடைவெளி கொடுத்ததும் வித்தியாசம் மறைந்துபோனது.

கண்வழித் தீர்வுகளில் என் ஓட்டு அந்த இடைவெளிக்குத்தான். ஒரு தாளில் புள்ளி வைத்து, நாலு விரல் தள்ளி 'ழ' எழுதுங்கள். பார்வையைப் புள்ளியிலேயே நிறுத்தினாலும் ழ தெரியும். இப்போது அதன் இருபுறமும் ஒட்டினாற்போல் 'க', 'த' எழுதுங்கள். நடுவில் இருப்பது என்னவென்று பிடிபடாது. இந்த நெரிசல் எல்லோருக்கும் உண்டு. டிஸ்லெக்சியா உள்ள சிலருக்குக் கூடுதல். 2012-ல் ஆய்வாளர் மார்கோ சோர்சி குழுவினர் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுப் பிள்ளைகள் 74 பேரிடம் சோதித்தார்கள். 14 பாயின்ட் அளவு எழுத்துகளுக்கு நடுவே 2.5 பாயின்ட் இடைவெளி கூட்டியதும் பிழை பாதியானது, வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. பயிற்சியே இல்லாமல், காசும் செலவில்லாமல்! எல்லாப் பிள்ளைக்கும் இதே பலன் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

இவை எதுவும் எழுத்தையும் அதன் ஒலியையும் இணைத்துப் பழக்கும் எழுத்து-ஒலிப் பயிற்சிக்கு மாற்றாகாது. அந்தப் பயிற்சி மாதக்கணக்கில் நீளும், பிள்ளைக்கும் அலுக்கும். ஆனாலும் சான்று அதிகம் இருப்பது அதன் பக்கம்தான். ஆங்கிலத்துக்கென வடித்த பயிற்சியை அப்படியே தமிழுக்குத் தூக்கி வராதீர்கள். 'கெ' என்று சொல்லும்போது க் முதலில், எ பிறகு. எழுதும்போதோ கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ'வில் க நடுவில் மாட்டிக்கொள்கிறது. இதை ஆங்கில ஏடு சொல்லித்தராது. தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.